வீட்டுக்காரர் இல்லாத நேரம்

ஏப்ரல் 7, திங்கள்

இந்தக் கொப்பியை இன்று டொலர் கடையில் வாங்கினேன். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நாளைக்கு வழக்கு வம்பு என்று வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். மற்றவன் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. கண் ஓய்வு பெறவில்லை.

இன்று காலை ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீடு எம்.எல்.எஸ். பட்டியலில் ஏறிவிட்டது. இந்தப் பகுதி ஏஜன்ட்மார் எல்லோருக்கும் பொதுவான பட்டியல் அது. ஏறிவிட்டால் எந்த ஏஜன்டும் தன் ஆட்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டலாம். அதற்காக வாசல் கதவின் கைபிடியில் ஒரு சாவிப்பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இலக்கம் தெரிந்தவன் எவனும் திறக்கலாம். இருபத்துமூன்று வருடம் நான் மூன்று பூட்டுப் போட்டுக் காத்த கதவு.

விற்கும் யோசனை என்னுடையது அல்ல. யோகமலர்தான் போன மாதம் திடீரென்று ஆரம்பித்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு முழங்கால் ஏலாது. இந்தப் படி ஏறி இறங்கேலாமக் கிடக்கு. வீட்ட வித்துப்போட்டு அப்பாட்மென்டுக்குப் போவம்."

திடீரென்று வரும் எதையும் நான் நம்புவதில்லை. ஏஜன்டையும் அவளே பிடித்தாள். அவளுடைய ஒன்றுவிட்ட தமக்கையின் மகன் கேதீஸ். விலையையும் அவளே வைத்தாள். இந்தத் தெருவில் எந்த வீடும் போகாத விலை. கேதீஸ் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. விலை கூட என்றால் ஏஜன்ட் வாதாட வேண்டாமா?

அதோடு ஒரு சட்டமும் சொன்னான்.

"சித்தப்பா, ஆக்கள் பாக்க வரேக்க நீங்கள் வீட்டில நிக்கக்கூடாது."

"ஏன்?"

"வீட்டுக்காரர் நிண்டா வாறவை மனம்விட்டுக் கதைக்கமாட்டினம். அலுமாரியத் திறந்து பாக்கக் கூச்சப்படுவினம். எல்லா இடத்திலயும் இதுதான் வழமை. ஒரு மணித்தியாலம் எங்கயாவது போட்டு வாங்கோ."

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டைவிட்டு அதிகம் போவதில்லை. வெளியே குளிர். குளிர் இல்லாத காலத்தில் சனங்களின் கேள்விகள்.

போட்டோ எடுக்க வந்தவர் மேல்மாடி இரண்டாவது அறையையும் எடுத்தார். ஆரணியின் அறை. எங்களுக்கு ஒரே பிள்ளை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு பெடியனை விரும்பினாள். நான் முறைப்படி விசாரித்தேன். ஊருக்கு மூன்று அழைப்பு, இலண்டனுக்கு ஒன்று. பெடியன் கணக்காளர், குடி இல்லை, எல்லாம் சரி. அவனுடைய தகப்பனின் தகப்பன் யார் என்று கேட்டபோது மறுமுனையில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குப் போதுமாக இருந்தது. "அவனைத்தான் கட்டுவன் எண்டா இந்தப் படியில இனிக் கால் வைக்கக்கூடாது" என்றேன். வைக்கவில்லை. என் பிள்ளைதானே, ரோசத்தில் குறைவிருக்காது.

வீடு போனால் இந்த விலாசமும் போய்விடும். ஒருநாள் யாராவது தேடி வந்தால் வேறு யாரோ கதவைத் திறப்பார்கள். அது என் பிரச்சினை அல்ல. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு விளங்காதது யோகமலர். ஏழு வருடமாக அந்தக் கட்டிலுக்கு மாதம் தவறாமல் விரிப்பு மாற்றுகிறவள், இப்போது வீட்டை விற்கலாம் என்கிறாள். எங்கோ இடிக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் ஆட்கள் இன்று பதினொரு மணிக்கு. யோகமலரைக் கோயிலில் இறக்கிவிட்டேன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் கோப்பிக்கடை வாசலில் காருக்குள்ளேயே இருந்தேன். உள்ளே போனால் தெரிந்தவர்கள் இருப்பார்கள். "மகள் எப்பிடி?" என்பார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் இருந்து அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அளவுக்கு மேல் ஒழுங்காக இருந்தது.

கேதீஸ் தொலைபேசியில், "நல்ல ஆக்கள் சித்தப்பா. இன்னொருக்காப் பாக்கவேணுமாம்" என்றான்.

ஏப்ரல் 11, வெள்ளி

அதே ஆட்கள். அதே பதினொரு மணி. நான் இந்த வீட்டைப் பதினைந்து நிமிடத்தில் பார்த்து முடித்தவன்.

வாசல் படிக்குப் பக்கத்துப் பூப்பாத்தியில் சப்பாத்து அடையாளம். வளர்ந்த பெண்கள் போடும் அளவு. நல்ல அகலமான படி இரண்டு இருக்க, மனிதர் ஏன் பாத்திக்குள் இறங்கி ஏற வேண்டும்? அத்திவாரத்தில் வெடிப்புத் தேடுகிறார்கள் போலிருக்கிறது. பிழை பிடித்து விலையைக் குறைக்கும் தந்திரம். அடையாளத்தை அளந்து குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்றுப் புத்தாண்டு. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் யோகமலர் பத்துப் பேருக்குப் பலகாரம் செய்தாள். கோயிலில் யாருக்கோ கைவிசேஷம் கொடுக்க வேண்டும் என்று புதுத் தாளாக இருபது டொலர் வாங்கிக்கொண்டாள்.

இன்று மூன்றாம் தரமும் அதே ஆட்கள் வந்து போனார்கள். போகுமுன் பயத்தம் உருண்டைகளை எண்ணிவிட்டுத்தான் போயிருந்தேன். இருபத்துநான்கு. வந்து பார்த்தால் பதினேழு. வீடு பார்க்க வருகிறவன் குளியலறைத் தண்ணீரைத் திறந்து பார்க்கலாம், நியாயம். டப்பாவைத் திறந்து தின்னலாமா?

"பயத்தம் உருண்டை குறையுதே" என்றேன்.

"எலியா இருக்கும்."

"எலி மூடியத் திறந்து எடுத்துப்போட்டுத் திரும்ப மூடிப்போட்டுப் போகுமோ?"

"ஏழு உருண்டைக்கு இவ்வளவு விசாரணையோ உங்களுக்கு?"

நான் ஏழு என்று சொல்லவே இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. நாடே விடுமுறையில் இருக்கிறது. ஏஜன்ட்மாரும் குடும்பத்தோடு இருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டைப் பார்க்கிறவர்களுக்கு விடுமுறை இல்லை. இந்த முறை இரண்டு மணித்தியாலம் கேட்டார்களாம்.

பின்பக்கக் கண்ணாடிக் கதவில் ஒரு கை அடையாளம். என் இடுப்புக்குக் கீழே, ஐந்து விரலும் விரித்தபடி, எண்ணெய் பிசுக்கோடு. அளந்தேன். பத்துச் சென்டிமீட்டர்கூட வரவில்லை. குழந்தை குட்டியோடு வந்து குடியிருந்து பார்க்கிறார்கள். இனிப் பாய் தலையணையோடு வருவார்கள்.

யோகமலர் கண்ணாடியில் ஒரு தூசு பொறுக்கமாட்டாள். இன்று கதவு முழுவதையும் துடைத்தாள். அந்த இடத்தை மட்டும் சுற்றிவிட்டுத் துடைத்தாள். நானும் துடைக்கவில்லை. சாட்சி இருக்கட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று கோயில் வாசலில் யோகமலர் என்னைக் கண்டதும் காரை நோக்கிப் பதினெட்டு வயதுப் பிள்ளை போல நடந்து வந்தாள். சீட் பெல்ட் போட்ட பிறகுதான் முழங்கால் ஞாபகம் வந்தது. "அம்மாளாச்சி" என்று தடவினாள். நெற்றியைப் பார்த்தேன். திருநீறு இல்லை.

"ஐயர் இண்டைக்குப் பிந்தி வந்தவர்" என்றாள், நான் கேட்கு முன்பே.

இரண்டு மணித்தியாலம் கோயிலில் இருந்தவளுக்கு ஒரு சிட்டிகைத் திருநீறு கிடைக்கவில்லை. பின்னேரம் குசினிக்குள் கேதீஸோடு தொலைபேசியில் குசுகுசுத்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போனதும், "சரியப்பு, சுகமோ எல்லாரும்?" என்று சத்தத்தைக் கூட்டினாள். நெருப்பில்லாமல் புகையாது.

கட்டின மனைவியைச் சந்தேகப்படுவது நல்ல மனிதனுக்கு அழகல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளும் அவனும் சேர்ந்து எனக்கு எதையோ மறைக்கிறார்கள். நாற்பது வருடக் குடித்தனத்தில் முதல் தரம் நான் தனியாள் போல உணர்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

எதிர்வீட்டு ராம்தீன் கயானாக்காரர், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். அவருடைய மகளும் ஏஜன்ட். அவள் இன்று வந்திருந்ததைக் கண்டு என் சந்தேகத்தைச் சொன்னேன். பொதுமக்கள் பார்க்கும் பக்கம் வேறு, ஏஜன்ட்மார் மட்டும் பார்க்கும் பக்கம் வேறு என்றாள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தந்தாள்.

அதில் எழுதியிருந்தது இது. வீடு காட்டுவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும், பதினொன்றில் இருந்து ஒரு மணி வரை. இரண்டு நாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலையில் பேச இடமில்லை.

அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். வீடு விற்க எழுதியதில்லையாம் இது, வீடு விற்காமல் இருக்க எழுதியதாம்.

வேலியே பயிரை மேய்ந்த கதை. இப்போது எல்லாம் விளங்குகிறது. விலையை உயர்த்தி, வேறு ஆட்களை வரவிடாமல் மறித்து, வீட்டைப் பட்டியலில் கிடந்து நாறவிட்டு, கடைசியில் தன்னுடைய ஆளுக்கு அடிமாட்டு விலைக்கு முடிப்பது கேதீஸின் திட்டம். அந்த ஆள்தான் வாரம் இரண்டு தரம் வந்து என் பலகாரத்தைத் தின்கிறான். யோகமலருக்கு என்ன சொல்லி மயக்கினானோ தெரியாது.

ஏப்ரல் 28, திங்கள்

ஒருவருக்கும் சொல்லாமல் கேதீஸின் அலுவலகத்துக்குப் போய் மேலாளரைப் பார்த்தேன். பட்டியலில் போடும் ஒப்பந்தத்தில் என் கையெழுத்து, வீடு என் பெயரில். விலையைத் தெருவோடு ஒத்த விலைக்கு இறக்கினேன். நாள், நேரக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

கேதீஸ் பின்னால் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"சித்தப்பா, சின்னம்மாவைக் கேட்டனீங்களோ?"

"வீடு ஆற்றை பேரில?"

"அதில்லை சித்தப்பா. ஒருக்கா அவவோட கதைச்சுப்போட்டு…"

"அவவோட நீ கதைச்சதே போதும்."

மகிழ்ச்சியாகக் காரோட்டி வந்தேன். யோகமலர் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தி நிற்கவில்லை. எல்லாம் நறுக்கி முடித்த பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப உண்மையாவே விக்கப்போறியளோ?"

விற்க வேண்டும் என்றது யார், இப்போது கேட்பது யார்?

மே 2, வெள்ளி

நான்கு நாளில் பதினொரு குழுக்கள். சீனர், பஞ்சாபிகள், எங்கள் ஆட்கள். சப்பாத்தோடு ஒருத்தர் சாமி அறைக்குள் போயிருக்கிறார்.

இன்று பதினொரு மணிக்கும் வேறு ஆட்கள். வழமையான ஆட்களுக்கு இடமில்லை. யோகமலர் மூன்று மணித்தியாலம் கோயிலிலேயே இருந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. கண் சிவந்திருந்தது. கற்பூரப் புகை என்றாள்.

வந்தவர்களில் யாரோ கண்ணாடிக் கதவைத் துடைத்துவிட்டார்கள். கை அடையாளம் போய்விட்டது. ஒரு சாட்சி போனதற்கு இவ்வளவு மனம் கனப்பானேன் என்று தெரியவில்லை.

மே 5, திங்கள்

நாளை பதினொரு மணிக்குப் பழைய ஆட்கள் மீண்டும் வருகிறார்களாம். எவ்வளவு மறித்தாலும் விடுகிறார்கள் இல்லை. ராம்தீனிடம் அவருடைய கராஜைக் கேட்டிருக்கிறேன். அதில் எங்கள் வாசலைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் உண்டு. அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

யோகமலரைக் கோயிலில் இறக்கினேன். பின் தெருவால் சுற்றி வந்து ராம்தீனின் கராஜுக்குள் காரை விட்டேன்.

11.05. சாம்பல் நிறக் கார் ஒன்று எங்கள் வீட்டு முன்னால் நின்றது. முன் இருக்கையில் இருந்து இறங்கியது யோகமலர். பின் கதவைத் திறந்து ஒரு சின்னப் பெண்பிள்ளையைத் தூக்கி இறக்கினாள். நாலு வயது இருக்கும். பிள்ளை படியில் துள்ளித் துள்ளி ஏறி, சாவிப்பெட்டியை எட்டிப் பார்த்தது.

ஓட்டுநர் பக்கத்தால் இறங்கியவள் தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். முன்பு இடுப்பு வரை இருந்தது.

அவள் படி வரை வந்தாள். நின்றாள். படியில் ஏறவில்லை. பக்கத்துப் பூப்பாத்திக்குள் இறங்கி, கைபிடிக் கம்பியைப் பிடித்து, காலை எட்டிவைத்து ஏறி உள்ளே போனாள். யோகமலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. பழகிய காரியம் போலிருந்தது.

ராம்தீன் கோப்பி கொண்டுவந்து தந்தார். ஆறிப்போனது.

மே 7, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை.

மே 9, வெள்ளி

மத்தியானம் கேதீஸ் ஒரு கடிதத்தோடு வந்தான். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று நாங்கள் கேட்ட விலைக்கு மேலேயே கொடுக்கிறது. நாளை மாலை ஆறு மணிக்குள் ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் செல்லாது. வீடு என் பெயரில் இருந்தாலும் குடியிருக்கும் வீடென்றபடியால் மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும். சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனான்.

கடிதம் மேசையில் கிடந்தது. யோகமலர் பேனையை எடுத்தாள்.

"எங்க வைக்கோணும்?"

"வித்தாப் பிறகு?" என்று கேட்டேன்.

"வித்தாப் பிறகென்ன. அப்பாட்மென்டில ரெண்டு பேரும் முகத்த முகத்தப் பாத்துக்கொண்டு இருப்பம்."

"செவ்வாய்க்கிழமை நான் ராம்தீன்ர கராஜில இருந்தனான்."

பேனை நின்றது. அடுப்பில் ஏதோ கொதித்தது. எழும்பிப் போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கண்டனீங்களோ?"

"கண்டன்."

"அவளக் கூப்பிடுங்கோ எண்டு எத்தினை வருசம் உங்களக் கேட்டன். பிறகு கேக்கிறத விட்டிட்டன். எனக்குக் கார் ஓடத் தெரியாது, அவளிட்டப் போறதெண்டா நீங்கள்தான் ஏத்தவேணும். நீங்கள் வீட்ட விட்டு அசையமாட்டியள். போன மாசம் கேதீஸ் கலியாண வீட்டில ஆருக்கோ சொல்லிக்கொண்டு நிண்டவன், வீடு பாக்க வந்தா வீட்டுக்காரர் வெளிய போகவேணுமெண்டு. அதைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது."

"வீட்ட விக்கிறதெண்டு…"

"விக்கிறதுக்கோ அந்த விலை வைச்சனான்? ஒரு சனமும் வராத விலை எண்டு அவனிட்டக் கேட்டுத்தானே வைச்சனான். கிழமையில ரெண்டு நாள், ரெண்டு மணித்தியாலம். அவள் தன்ர அறையில பிள்ளையோட படுத்திருப்பாள். நான் பிள்ளைக்குச் சோறு தீத்துவன். அதுதான் நான் கேட்டது. அதையும் நீங்கள் கண்டுபிடிச்சுத் திருத்திப்போட்டியள்."

எனக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன். வரவில்லை. வந்தது வெட்கம். இருபத்தாறு வருடம் வெடிப்புக் கண்டுபிடித்தவன், ஏழு வருடம் பக்கத்தில் படுத்தவளைப் பார்க்கவில்லை.

"பிள்ளையின்ர பேரக்கூட நீங்கள் கேக்கேல்லை" என்றாள். "ஓவியா." பேனையைக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். முழங்காலைப் பிடிக்கவில்லை.

மே 10, சனி

ஐந்து மணியில் இருந்து மேசையில் இருந்தேன். கடிதம் முன்னால், பேனை அதன் மேல். நல்ல விலை. நல்ல ஆட்கள் என்று கேள்வி. நான் யாரையும் விசாரிக்கவில்லை.

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"சித்தப்பா, ஆறாச்சு."

"மணிக்கூடு எனக்கும் இருக்கு" என்றேன்.

மே 12, திங்கள்

கேதீஸைக் கூப்பிட்டு, விலையைப் பழையபடி உயர்த்தச் சொன்னேன். பிறகு யோசித்து, அதற்கும் மேலே கொஞ்சம் கூட்டச் சொன்னேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும், பதினொன்றில் இருந்து ஒரு மணி வரை. மற்றவர் யாரும் கேட்டால் இடமில்லை.

"இந்த விலைக்கு ஒருத்தரும் வரமாட்டினம் சித்தப்பா."

"வராட்டிப் போகட்டும். வாற ஆக்கள் வரட்டும்."

"ஓம் சித்தப்பா" என்றான்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்ல ஒரு நொடி போதுமாக இருந்தது. இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது? நான் வெளியே போவேன். அது என்னால் முடியும்.

மே 13, செவ்வாய்

பத்தரைக்குக் கார்ச் சாவியை எடுத்தேன். யோகமலர் குசினியில் நின்றாள். இன்று கோயிலுக்கு இறக்க வேண்டாம், வீட்டிலேயே நிற்கிறேன் என்றாள். பயத்தம் உருண்டை புதிதாகப் பிடித்திருந்தாள். எண்ணவில்லை.

கோப்பிக்கடை வரை போகவில்லை. தெரு முனையில் நிறுத்திக்கொண்டு இருந்தேன். சாம்பல் நிறக் கார் என்னைக் கடந்து போனது. நான் குனிந்து எதையோ தேடுவது போல் இருந்தேன். அறுபத்தெட்டு வயதில் செய்யும் வேலை இது.

பதினொன்று இருபதுக்குக் கேதீஸ் அழைத்தான்.

"சித்தப்பா, வீடு பாக்க வந்த ஆக்கள் இப்ப எனக்குப் போன் எடுத்தவை."

"என்னவாம்?"

"வீட்டுக்காரர் நிண்டாலும் தங்களுக்குப் பரவாயில்லையாம்."

போனை வைத்தேன். பயமாக இருந்தது. தொழிற்சாலையில் ஒருமுறை பெல்ட்டில் கை அகப்பட்டபோதும் இப்படிப் பயந்ததில்லை. கார் எடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது.

வீட்டு வாசலில் நின்றேன். சாவி சட்டைப்பையில் இருந்தது. அதைப் போட்டுத் திறந்து உள்ளே போக எனக்குத் துணிவு வரவில்லை. மணியை அழுத்தினேன். உள்ளே குசினியில் பேச்சு நின்றது. சின்னக் காலடி ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு முகம், கன்னத்தில் பயத்தம் மா ஒட்டியிருந்தது. என்னை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை, தினமும் சவரம் செய்யும்போது காண்பது.

"வீடு பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டது.

"ஓம்" என்றேன்.

"அப்ப சப்பாத்தக் கழட்டிப்போட்டு வாங்கோ."

கழற்றினேன்.